மூன்றாவதாக வந்தவர், ஏட்டில் முதல்வர்

1924ஆம் ஆண்டுக் கோடையில், பாரிஸ் மாநகரத்தை அடுத்த கொலம்ப் என்னும் ஊரின் மைதானத்தில் நடந்த ஒலிம்பிக் தடகளப் போட்டிகளைப் பற்றி யார் எழுதப் புகுந்தாலும், பாவோ நூர்மியின் பெயரை முதலில் எழுதி வணங்கிவிட்டுப் பிறகுதான் மற்ற விஷயங்களுக்கு வருவது என்று ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டிருக்கிறது. அந்தச் சம்பிரதாயத்தில் குறை காண்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரே நாளில் 1500 மீட்டர் ஓட்டத்தை வென்று, ஒரு மணி நேரம் கழிவதற்குள் 5000 மீட்டர் இறுதிப் பந்தயத்திலும் இறங்கி அதையும் வென்று, இரண்டு நாள் கழித்து, வெயிலின் உக்கிரம் தாங்காமல் பாதிக்கு மேற்பட்ட வீரர்கள் நடுவழியிலேயே விழுந்தும் விலகியும் போன காட்டுவெளி ஓட்டத்திலும் முதல்வராக வந்து சேர்ந்த மனிதருக்கு முதல் வணக்கம் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது?

நூர்மிக்கு அந்தப் போட்டிகளில் கிடைத்த தங்கப் பதக்கங்கள் 5. அவருடைய தேசத்தவரும், அவருக்குச் சரியான எதிராளியுமான வில்லே ரிட்டோலாவுக்கு 4 தங்கமும் 2 வெள்ளியும் கிடைத்தன. மாரத்தான் ஓட்டத்தில் அல்பின் ஸ்டென்ரூஸ், ஈட்டி எறிதலில் யோன்னி மியூரா, ஐந்து அங்கங்கள் கொண்ட பென்டத்லான் போட்டியில் ஏரோ லெஹ்தோனன் என்று, ஜனத்தொகையில் மிகச் சிறியதும், சுதந்திரம் அடைந்து ஏழு ஆண்டுகூட நிரம்பாததுமான பின்லாந்து தேசம், தடகளத்தில் மட்டும் 10 தங்கம், 5 வெள்ளி, 2 வெண்கலம் என 17 பதக்கங்களை அள்ளிக்கொண்டு வீடு திரும்பியது. இந்தப் பதினேழையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தால், ஓட்டங்களுக்குரியவை எல்லாம் 1500 மீட்டரும் அதற்கு மேற்பட்ட தூரங்களுமாக இருக்க, ஒன்றே ஒன்று மட்டும் அந்த வரிசையில் சேராமல் தனியே நிற்பது தெரியும். 400 மீட்டர் தடை ஓட்டம், வெள்ளிப் பதக்கம், பெயர் எரிக் விலேன். நெடுந்தூர ஓட்டத்தையே தங்கள் குலதனமாகக் கருதிய ஒரு ஜனசமூகத்திலிருந்து, மைதானத்தை ஒரே ஒரு முறை சுற்றி முடிக்கும் ஓட்டத்தில், அதுவும் பத்துத் தடைகளைத் தாண்டி ஓடும் ஓட்டத்தில், உலகத்தின் இரண்டாவது ஸ்தானத்தைப் பெற்ற இந்த மனிதரின் கதையில், அவருடைய சொந்தத் திறமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ ஏறக்குறைய அவ்வளவு பங்கு அந்நாளைய விளையாட்டுச் சட்டத்துக்கும் உண்டு. ஆகவே அந்த ஓட்டம் இன்னதென்பதையும் அந்தச் சட்டம் இன்னதென்பதையும் சொல்லாமல் விலேனைப் பற்றிச் சொல்வது சாத்தியமில்லை.

நம் நாட்டு வாசகர்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் என்றால் உடனே நினைவுக்கு வருவது பி. டி. உஷாவின் பெயர்தான். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் அவர் வெண்கலப் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்ததை அறியாதவர் இல்லை. பெண்கள் ஓடும் தடைகளின் உயரம் சற்றுக் குறைவு. மற்றபடி ஓட்டத்தின் அமைப்பு ஒன்றே. ஆண்களுக்குரிய தடை 91.4 சென்டிமீட்டர், அதாவது மூன்று அடி உயரமுள்ளது. புறப்படும் கோட்டிலிருந்து 45 மீட்டர் தொலைவில் முதல் தடை. அதன்பின் 35 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் பத்து. பத்தாவது தடையைத் தாண்டிய பிறகு முடிவுக் கோடு வரையில் வெறும் தரையில் 40 மீட்டர். கணக்குப் பார்த்தால் சரியாக 400 வரும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், ஓடுகிறவனுடைய பிராணனை வாங்கும் ஒரு சூட்சுமம் மறைந்திருக்கிறது. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடைக்கும் தடைக்கும் நடுவே மூன்றே எட்டுகள். அதை யாரும் மாற்றுவதில்லை, மாற்றவும் முடியாது. 400 மீட்டரிலோ இடைவெளி நீளம். அதைப் பதின்மூன்று எட்டுகளில் கடக்கலாம், பதினைந்து எட்டுகளில் கடக்கலாம், பதினேழும் வைக்கலாம். எட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு தடையிலும் அதே கால் முன்னே போகும். இரட்டைப்படையாகிவிட்டால் கால் மாறிப்போகும். முதல் ஐந்து தடைகள் வரையில் புத்துணர்ச்சியோடு ஓடி வருகிறவனுக்கு எட்டின் நீளம் அவன் நினைத்தபடி இருக்கும். ஆறாவது, ஏழாவது தடைக்குப் பிறகு மூச்சு இரைத்து, தொடைகள் கனத்து, எட்டு தானாகவே சுருங்கத் தொடங்கும். அப்போது தடையின் அருகில் வந்து சேரும்போது தான் எண்ணி வைத்திருந்த கணக்கு அரை எட்டு இடிப்பதை அவன் உணர்கிறான். குதித்தால் தடையின் மேலே விழ வேண்டும், தயங்கினால் வேகம் போய்விடும் என்ற அந்தச் சங்கடமான கணத்தில் எடுக்கும் தீர்மானத்தைத்தான் இந்த ஓட்டத்தின் உயிர்நிலை என்று சொல்ல வேண்டும். வேகம் மட்டும் உள்ளவன் இங்கே தோற்றுப்போவதும், அவனைவிடச் சற்று மந்தமானவன் கணக்குத் தவறாமல் ஓடி அவனை முந்துவதும் அடிக்கடி நடப்பதற்குக் காரணம் இதுவே.

வளைவுகளும் ஒரு தொல்லை. இடப்பக்கமாகத் திரும்பும் பாதையில் இடக்காலை முன்னே வீசித் தாண்டுகிறவனுக்கு உடல் இயல்பாகவே பாதையின் உட்புறம் சாய்ந்து உதவி செய்யும். வலக்காலை முன்னே வீசுகிறவனுக்கோ, பின்தங்கி வரும் இடக்கால் தடையின் பக்கவாட்டில், அதன் மட்டத்துக்குக் கீழாகச் சென்றுவிடும் அபாயம் உண்டு. அப்படிச் சென்றால் அது தாண்டியதாகாது. வளைவில் உட்பக்கத்துத் தடத்தில் கால் வைத்தாலும் குற்றம். எவ்வளவு வேகமாக ஓடினாலும் நடுவர் கொடியை உயர்த்திவிட்டால் அந்த ஓட்டம் ஓடாததற்குச் சமம்.

இந்த ஓட்டத்தின் பூர்வ சரித்திரமும் சுவாரசியமானது. 1860ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில், கால் மைல் தூரத்துக்குக் கனத்த மரத்தடைகளை நட்டு ஓடிப் பார்த்ததிலிருந்து இது தொடங்கியது என்று சொல்வார்கள். 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, ஓட்டப்பாதையின் குறுக்கே தந்திக் கம்பங்களைப் போன்ற நீண்ட மரங்களைக் கிடத்தியிருந்தார்கள். கடைசித் தடையாக ஒரு நீர்க்குட்டையையும் வைத்திருந்தார்கள்! அந்த விசித்திரமான பந்தயத்தை வென்றவர் அமெரிக்கரான வால்ட்டர் டியூக்ஸ்பரி. (அதே போட்டிகளில், இப்போது வழக்கொழிந்துவிட்ட 200 மீட்டர் தடை ஓட்டத்தில், கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.) 1904இல் தடைகளின் உயரத்தைக் குறைத்து நடத்தினார்கள், 1908இல் லண்டனில் சார்லஸ் பேக்கன் 55 விநாடியில் ஓடியதே முறையான உலக சாதனையாக முதலில் ஏற்கப்பட்டது, 1912இல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் இந்தப் பந்தயத்தையே விட்டுவிட்டார்கள். மகாயுத்தம் முடிந்த பிறகு, 1920இல் ஆன்ட்வெர்ப் நகரத்தில் மீண்டும் அது சேர்க்கப்பட்டபோது அமெரிக்கரான பிராங்க் லூமிஸ் 54 விநாடியில் வென்று புதிய உலக சாதனையை நிலைநாட்ட, முதல் மூன்று ஸ்தானங்களையும் அமெரிக்கர்களே பெற்றார்கள்.

ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக், பின்லாந்து தேசத்தார் சுதந்திர ராஜ்யத்தின் பிரஜைகளாகக் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் ஆகும். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், ஸ்டாக்ஹோமில் ஹன்னஸ் கோலெஹ்மைனன் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றபோது, அவருடைய வெற்றிக்காகக் கம்பத்தில் ஏறியது ரஷ்யச் சக்கரவர்த்தியின் கொடி. 1917 டிசம்பரில் சுதந்திரப் பிரகடனம். 1918இல் சகோதரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட உள்நாட்டு யுத்தம். அந்தக் காயம் ஆறுவதற்கு முன்பே ஆன்ட்வெர்ப் பயணம். தாங்கள் ஒரு தனி ஜாதி, தங்களுக்கென்று ஒரு தேசம் உண்டு என்பதை உலகத்துக்குச் சொல்ல அவர்களுக்கு அப்போது கிடைத்த சாதனம் ஓட்டப்பாதை ஒன்றுதான் என்றால் அது பெரிய மிகையாகாது. 1898இல் பிறந்த எரிக் விலேன், இருபத்திரண்டாவது வயதில் அந்த ஆன்ட்வெர்ப் அணியில் ஒருவராகச் சென்றார்; பதக்கம் எதுவும் பெறவில்லை. ஆனால் உலகத்தில் யார் எவ்வளவு வேகத்தில் தடை தாண்டுகிறார்கள் என்பதை நேரில் கண்டு திரும்பும் பாக்கியம் கிடைத்தது. ஓர் இளம் வீரனுக்கு அது சிறிய லாபமன்று.

பின்லாந்தில் ஏன் நூர்மிகள் தோன்றினார்கள், ஏன் விரைவோட்டக்காரர்கள் தோன்றவில்லை என்ற கேள்விக்குப் பலர் பல சமாதானங்கள் சொல்லியிருக்கிறார்கள். வறுமை, பிடிவாதம், காட்டு வாழ்க்கை, ரத்தம் என்று அவரவர்க்குத் தோன்றியதெல்லாம் காரணமாகக் கூறப்பட்டுள்ளது. ரத்தத்தைப் பற்றிய பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. சீதோஷ்ணம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். வருஷத்தில் பல மாதங்கள் பனி மூடிக்கிடக்கும் ஒரு நாட்டில், ஒருவன் கம்பளிச் சட்டை அணிந்து காட்டுப் பாதையில் பத்து மைல் நடக்கலாம், பனிச்சறுக்கு ஓடலாம், மெதுவாக ஓடவும் ஓடலாம். இவையெல்லாம் மூச்சையும் உறுதியையும் வளர்க்கும். முழு வேகத்தில் பாய்ந்து ஓடுவதற்கோ காய்ந்த கெட்டித் தரையும், சூடேறிய தசைகளும் வேண்டும். குளிரில் அப்படிப் பாய்கிறவனுக்குத் தசைநார் அறுந்துபோகும். ஆகவே விரைவோட்டத்துக்கு அந்த நாட்டில் கிடைக்கும் காலம் கோடையின் சில மாதங்களே. விலேன் தடையில்லாத வெறும் ஓட்டத்திலும் பழகிய விரைவோட்டக்காரர்தான். ஆயினும் அவருக்கு உலகப் புகழைத் தந்தது வெறும் வேகமன்று, தடை தாண்டும் வித்தை. வேகம் பிறவியில் வருவது, அதற்கு மேல் கொஞ்சம்தான் கூட்ட முடியும். வித்தையோ உழைப்புக்குக் கட்டுப்பட்டது, பொறுமையுள்ளவனுக்கு வசப்படுவது. பிற்காலத்தில் பின்லாந்துக்கு ஒலிம்பிக்கின் குறுந்தூரப் பந்தயங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்த அபிப்பிராயம் எனக்கு வலுப்படுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொலம்ப் மைதானத்தில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் பந்தயம் 1924 ஜூலை 7ஆம் தேதி நடந்தது. அதே நாளில்தான் இங்கிலாந்தின் ஹெரால்டு ஏப்ரஹாம்ஸ் 100 மீட்டர் ஓட்டத்தை வென்றார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சினிமாப் படமாக எடுத்துக் கொண்டாடும் அளவுக்கு அந்த வெற்றி பிரசித்தி பெற்றுவிட்டதால், அன்று நடந்த மற்றப் பந்தயங்களை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அந்தப் போட்டிகளின் வேறொரு தடை ஓட்டத்தில், 110 மீட்டரில், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் கண்ணூரைச் சேர்ந்த சி. கே. லக்ஷ்மணன் ஓடினார் என்பதும் நம்மவர்களில் பலர் அறியாத செய்தி.

இறுதிப் பந்தயத்தில் ஓடியவர்கள் ஆறு பேர். அவர்களில் மூவர் அமெரிக்கர்: மார்கன் டெய்லர், சார்லஸ் புரூக்கின்ஸ், ஐவன் ரைலி. ஓர் ஆங்கிலேயர். பிரெஞ்சுக்காரரான ஜியோ ஆந்திரே ஒருவர். இந்த ஆந்திரேயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1908இல் லண்டனில் உயரம் தாண்டுதலில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். ரக்பி ஆட்டத்தில் பிரான்ஸுக்காக ஆடியவர். மகாயுத்தத்தில் காயம்பட்டுச் சிறைப்பட்டவர். பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் எல்லா வீரர்களின் சார்பிலும் பிரமாணம் எடுத்துக்கொண்டவரும் அவரே. முப்பத்துநான்கு வயதில், தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு அவர் அந்தக் கோட்டில் வந்து நின்றார், முடிவில் நான்காவது ஸ்தானம் பெற்றார். பின்னர் இரண்டாம் உலக யுத்தத்திலும் போராடி, 1943இல் டூனிஸில் உயிர் நீத்தார்.

ஆறாவது மனிதர் விலேன். அந்தக் காலத்தில் புறப்படுவதற்குக் கால் வைக்கும் கட்டைகள் கிடையாது. ஓடுகிறவன் தானே சிறு கரண்டியால் கரித்தூள் பாதையில் குழி தோண்டிக் காலைப் பதித்துக்கொள்ள வேண்டும். காலக்கணக்கு எடுத்தவர்கள் கையில் இருந்தது, ஒரு விநாடியை ஐந்து பங்காக மட்டுமே பிரித்துக் காட்டும் கடிகாரம். துப்பாக்கி வெடித்தது, ஓடினார்கள். முடிவுக் கோட்டை முதலில் கடந்தவர் டெய்லர். அவருடைய நேரம் 52.6 விநாடி. லூமிஸின் உலக சாதனையைவிட அது 1.4 விநாடி குறைவு. அந்தத் தூரத்தில் அது பெரிய முன்னேற்றம். இரண்டாவதாகக் கடந்தவர் புரூக்கின்ஸ். மூன்றாவதாக, டெய்லருக்கு ஏறக்குறைய ஒன்பது மீட்டர் பின்னால், 53.8 விநாடியில் விலேன் வந்து சேர்ந்தார். அவரை அடுத்து ரைலி, 54.2 விநாடியில்.

கண்ணால் கண்ட வரிசை இது. சட்டத்தின் கண் கண்ட வரிசை வேறு. புரூக்கின்ஸ் தமக்குரிய தடத்தின் விதியை மீறினார் என்று நடுவர்கள் தீர்ப்பளித்து அவரை நீக்கிவிட்டார்கள். ஆகவே மூன்றாவதாக வந்த விலேன் இரண்டாவதானார். வெள்ளிப் பதக்கம் அவருக்கு. அதோடு நிற்கவில்லை. டெய்லர் ஓடும்போது ஒரு தடையைத் தட்டி வீழ்த்தியிருந்தார். அந்நாளைய சட்டத்தின்படி ஒருவன் மூன்று தடைகளை வீழ்த்தினால் பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவான். ஒன்றோ இரண்டோ வீழ்ந்தால் வெற்றி செல்லும், ஆனால் சாதனை செல்லாது. சாதனை என்று ஏட்டில் ஏற வேண்டுமானால் பத்துத் தடைகளும் நட்டது நட்டபடி நிற்க வேண்டும். ஆகவே டெய்லருக்குத் தங்கப் பதக்கத்தைக் கொடுத்துவிட்டு, அவருடைய 52.6 விநாடியை ஒதுக்கிவைத்து, ஒலிம்பிக் சாதனை என்ற இடத்தில் விலேனுடைய 53.8 விநாடியை எழுதினார்கள். முடிவுக் கோட்டில் மூன்றாவது, பரிசளிப்பில் இரண்டாவது, சாதனை ஏட்டில் முதலாவது. ஒரே மனிதர், ஒரே ஓட்டத்தில், இப்படி மூன்று ஸ்தானங்களை ஒருங்கே பெற்றது விளையாட்டுச் சரித்திரத்தில் அபூர்வமான சம்பவம்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் விலேனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று சொல்லுங்கள்" என்று சிரிக்கத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. தடை ஓட்டம் என்பது ஓட்டத்தோடு ஓர் உடன்படிக்கையையும் சேர்த்துச் செய்துகொண்ட பந்தயம்: உனக்குரிய தடத்தில் ஓடு, உனக்குரிய தடைகளைத் தாண்டு, அதன் பிறகு எவ்வளவு வேகம் உண்டோ காட்டு. அன்று விலேனைவிட வேகமாக ஓடிய இருவரில் ஒருவர் தடத்தின் விதியில் தவறினார், மற்றவர் தடையில் தவறினார். விலேன் இரண்டிலும் தவறவில்லை. அதிர்ஷ்டம் என்றால் பிறர் தவறியது மட்டுமே அதிர்ஷ்டம். தான் தவறாமல் இருந்ததற்குப் பெயர் சாமர்த்தியம்.

டெய்லரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அக்காலத்துத் தடை, இன்றுள்ள 'ட' வடிவத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம், இரு பக்கமும் நீண்ட அடிக்கட்டைகளின் நடுவில் மரக்கால்களை நாட்டிச் செய்த கனமான சாதனம். அதில் முழங்கால் மோதினால் வலியும் உண்டு, வேகம் குறைந்து நேரமும் போகும். தடையைத் தட்டியவன் தட்டியதனாலேயே தண்டனை அடைந்துவிடுகிறான். அதற்கு மேலும் அவன் சாதனையைப் பிடுங்குவது ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை விதிப்பதாகும் என்று வாதிப்பவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம். அந்த டெய்லர் சாதாரண வீரரும் அல்லர். 1928இலும் 1932இலும் இதே பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்று, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தம் தேசத்துக் கொடியைத் தாங்கிச் செல்லும் கௌரவத்தையும் அடைந்தவர். 1928இல், தடை எதுவும் விழாமல், 52 விநாடியில் ஓடி, ஏட்டில் ஏறும்படியான உலக சாதனையையும் படைத்துத் தம் மனக்குறையைத் தீர்த்துக்கொண்டார்.

விலேனுக்குத்தான் ஏடு முழு நியாயம் செய்யவில்லை. ஒலிம்பிக் சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இருக்க, உலக சாதனைப் பட்டியலைப் புரட்டினால், 1920இன் லூமிஸுக்கு அடுத்தபடியாக நாம் காண்பது 1925 அக்டோபரில் ஓடிய ஸ்வீடன் தேசத்து ஸ்டென் பெட்டர்சனின் பெயர். அவர் ஓடிய நேரம் 53.8 விநாடி. ஓடிய இடம் கொலம்ப் மைதானம். பதினைந்து மாதங்களுக்கு முன் அதே மண்ணில் அதே நேரத்தில் ஓடிய பின்லாந்துக்காரர் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பட்டியல்களை வேதவாக்காகக் கொள்பவர்கள் இதைச் சிறிது யோசித்துப் பார்க்க வேண்டும்.

விலேனின் ஒலிம்பிக் சாதனை நான்கு ஆண்டுகள் நின்றது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் இங்கிலாந்தின் பிரபுவான பர்லி 53.4 விநாடியில் வென்று தங்கப் பதக்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். அடுத்த ஒலிம்பிக் ஆண்டான 1932இல், கொலம்பில் நடந்த கூத்து லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடியும் அரங்கேறியது. இலங்கையின் நுவரெலியாவில் பிறந்து, அயர்லாந்துக்காக ஓடிய பாப் டிஸ்டால் 51.7 விநாடியில் முதல்வராக வந்தார். ஆனால் கடைசித் தடையைத் தட்டி வீழ்த்திவிட்டார். தங்கம் அவருக்கு, சாதனையோ இரண்டாவதாக வந்த அமெரிக்கரான கிளென் ஹார்டினுக்கு. வென்றவரை விட்டு அடுத்தவரைச் சாதனையாளர் ஆக்கும் இந்த விதி ஒலிம்பிக்கில் இரண்டு முறை இப்படிச் சந்தி சிரித்த பிறகு அதிக காலம் நீடிக்கவில்லை. 1935இல் ஹாரி ஹில்மன் என்பவர் புதுமாதிரித் தடை ஒன்றை அமைத்தார். அடிக்கட்டைகள் ஓடி வருகிறவனை நோக்கி மட்டுமே நீண்டிருப்பதால், ஓரளவு பலத்தோடு கால் பட்டாலே அது முன்பக்கம் சாய்ந்துவிடும். மோதியவனுக்கு அடிபடாது, ஆனால் தட்டிய அளவுக்கு வேகம் குறையும். தண்டனையைத் தடையே கொடுத்துவிடுவதால் சட்டம் தண்டிக்க வேண்டிய அவசியம் அற்றுப்போய், பழைய விதி கைவிடப்பட்டது. இந்த ஹில்மன், 1904இல் தாழ்ந்த தடைகளின்மேல் 400 மீட்டர் ஓட்டத்தை வென்ற அதே ஹில்மன்தான். இன்று தாண்டும்போது கால் பட்டுத் தடைகள் விழுவது மட்டும் பொதுவாகக் குற்றமாகாது. 1948இல் இலங்கையின் டங்கன் வைட் லண்டனில் 51.8 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றதும், பிற்காலத்தில் எட்வின் மோசஸ் பத்துத் தடைகளையும் பதின்மூன்று எட்டு என்ற ஒரே கணக்கில் கடந்து உலகத்தைப் பிரமிக்க வைத்ததும், 2021இல் நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோல்ம் 45.94 விநாடி என்ற நம்பமுடியாத எல்லையை எட்டியதும் இந்தப் புதிய சட்டத்தின் கீழ்.

1952இல் ஒலிம்பிக் போட்டிகள் பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சிங்கிக்கே வந்தன. நூர்மி தீபத்தை ஏந்தி மைதானத்துக்குள் ஓடி வர, கிழவரான கோலெஹ்மைனன் கோபுரத்தின்மேல் ஜோதியை ஏற்றினார். அங்கே 400 மீட்டர் தடை ஓட்டத்தை வென்ற அமெரிக்கரான சார்லஸ் மூரின் நேரம் 50.8 விநாடி, விலேன் கொலம்பில் ஓடியதைவிடச் சரியாக 3 விநாடி குறைவு. இருபத்தெட்டு ஆண்டுகளில் ஓட்டம் அவ்வளவு முன்னேறியிருந்தது.

விலேனுக்குப் பிறகு பின்லாந்தின் குறுந்தூர ஓட்டக்காரர்கள் ஒலிம்பிக் பதக்கம் பெற முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1956இல் மெல்போர்ன் நகரத்தில் வோய்ட்டோ ஹெல்ஸ்டன் 400 மீட்டர் ஓட்டத்தில், ரஷ்ய வீரர் ஒருவருடன் சமமாக முடித்து, வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார். பிறகு மறுபடியும் இருபத்தெட்டு ஆண்டு மௌனம். 1983இல் ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலகத் தடகளப் போட்டிகளில் சொந்த ஜனங்களின் ஆரவாரத்துக்கு நடுவே 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி பெற்ற ஆர்ட்டோ பிரிகாரே, அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதே பந்தயத்தில் 13.40 விநாடியில் ஓடி வெண்கலம் பெற்றார். மைதானத்தின் ஒரு சுற்றுக்கு உட்பட்ட ஓட்டங்களில் பின்லாந்தின் ஒலிம்பிக் பதக்கங்கள் விலேன், ஹெல்ஸ்டன், பிரிகாரே ஆகிய மூவருடையவை; அவற்றில் இரண்டு தடை தாண்டியதற்காகக் கிடைத்தவை. வேகம் அருமையாக வாய்க்கும் நாட்டில் வித்தை அதற்கு ஈடு செய்தது என்று மேலே நான் சொன்னதற்கு ஆதாரம் இதுவே. உஷா நூற்றில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தைத் தவறவிட்ட அந்த 1984 இறுதிப் பந்தயத்திலும், ஓடிய எண்மரில் ஒருவராகப் பின்லாந்தின் தூயா ஹெலாண்டர் இருந்தார்.

எரிக் விலேன் 1982இல் காலமானார். 400 மீட்டர் தடை ஓட்டத்தில், ஆண்களிலும் சரி, பெண்களிலும் சரி, பின்லாந்து தேசத்துக்கு ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தவர் இன்றளவும் அவர் ஒருவரே.